போடிலின் உதடு உரிந்த கதை

ஸ்டென்விக் துறைமுகத்தில் போடில் கிராக்ஸ்கோர் நகரப் பேருந்து ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில், நிறுத்தத்தில் நிற்பவர்களுக்கு வண்டி கண்ணில் படுவதற்கு முன்பே காதில் விழுந்துவிடும். வண்டியின் சத்தம் அல்ல, அவளுடைய சத்தம். கடற்காற்று எதிர்த்து அடிக்கிற யூட்லாந்துத் தீபகற்பத்தின் மேற்குக் கரையில் பிறந்த எல்லோருக்குமே தொண்டை கொஞ்சம் பெரிதுதான். ஆனாலும் போடிலின் தொண்டைக்கு ஊரில் தனி மரியாதை இருந்தது. “பின்னாடி போங்க, பின்னாடி போங்க, பின்னாடியும் கடல் தெரியும்!” என்று அவள் கத்தினால் பக்கத்துத் தெருவில் சைக்கிளில் போகிறவர்கள்கூட ஒதுங்கி வழிவிடுவார்கள்.

கலங்கரை விளக்கத்தடியில்தான் கடைசி நிறுத்தம். அங்கே வண்டியைத் திருப்பி நிறுத்திவிட்டு, இறங்கி ஒரு சுருட்டுப் பற்றவைப்பாள். அந்த ஊர்ப் பெண்கள் சுருட்டுப் பிடிப்பதில் யாருக்கும் ஆச்சரியமில்லை. ‘செருட்’ என்பார்கள். நம் சொல்தான்; எப்போதோ கப்பலேறிப் போய், குளிரில் விறைத்து அப்படி ஆகிவிட்டது.

ஊர்ப் பித்தளை வாத்தியக் குழுவில் டியூபா ஊதுவதும் அவள்தான். குழந்தையைக் குளிப்பாட்டும் தொட்டி அளவுக்கு வாய் அகன்ற அந்த வாத்தியத்தை மடியில் உட்காரவைத்துக்கொண்டு, கன்னம் இரண்டும் ஆப்பம்போல் உப்ப, அடிவயிற்றிலிருந்து ஒரு ஊது ஊதினாள் என்றால் முன்வரிசைக் கிழவர்களின் காப்பிக் கோப்பை தட்டில் நடுங்கும்.

அவள் கணவன் எப்பே கசாப்புக் கடைக்காரன். ஆள் ஒல்லி, குரல் அதைவிட ஒல்லி. ஆனால் கையில் ஒரு வித்தை இருந்தது. பன்றி ஈரலை அரைத்து, கொழுப்பும் வெங்காயமும் சேர்த்து, அடுப்பில் வேகவைத்து எடுக்கிற ஈரல் விழுது. கறுப்பு ரொட்டியில் அதைத் தடவி, மேலே பீட்ரூட் ஊறுகாய் வைத்துச் சாப்பிடாத வீடு அந்த நாட்டிலேயே கிடையாது. எப்பேயின் விழுதுக்கோ பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் ஆள் வரும். அவர்கள் காதல் தொடங்கியதும் அதில்தான். மத்தியானம் வண்டி நிறையப் பயணிகளோடு கடை வாசலில் நிறுத்திவிட்டு, “இதோ வந்துட்டேன்” என்று இறங்குவாள் போடில். எப்பே சூடான பாத்திரத்தின் மொறுமொறு ஓரத்தைச் சுரண்டிக் கொடுப்பான். பேச வாய் வராமல் நிற்பான். இது நாள்தோறும் நடக்கவே, கடைசியில் பயணிகளில் ஒரு பெரியவர் ஜன்னலைத் திறந்து, “தம்பி, கல்யாணம் பண்ணிக்கிறியான்னு கேட்டுத் தொலைப்பா! நாங்க வேலைக்குப் போகணும்!” என்றார். எப்பே கேட்டான். வண்டியே கைதட்டியது.

போடிலுக்கு அறுபது நெருங்கும்போது டியூபாவில் கோளாறு ஆரம்பித்தது. நீளமாகப் பிடிக்க வேண்டிய சுரம் பாதியிலேயே சோர்ந்து விழுந்தது. குழுத் தலைவர் ஊஃபே கையைத் தூக்கியபடி காத்திருப்பார், சுரம் வராது.

“குழாயில எங்கேயோ ஓட்டை விழுந்திருக்கு” என்றாள் போடில். பழுது பார்ப்பவனிடம் அனுப்பினாள். அவன் தண்ணீர் ஊற்றிப் பார்த்தான், புகை விட்டுப் பார்த்தான். “ஓட்டை இருக்கிறது நிஜம்தான். ஆனா டியூபாவில இல்ல” என்று திருப்பிக் கொடுத்தான்.

உள்ளூர் மருத்துவர் நெஞ்சைப் படம் பிடித்துப் பார்த்துவிட்டு, நுரையீரலில் காற்றை வாங்கும் நுண்ணிய அறைகள் சுவர் இடிந்து ஒன்றோடொன்று கலந்துவிட்டன என்றார். நெருக்கமாய்ச் சின்னச் சின்ன அறைகள் இருந்த இடத்தில் இப்போது காலிக் கொட்டகைகள். இடிந்தது இடிந்ததுதான், இனிச் சுருட்டை விட்டால் மிச்சமாவது நிற்கும் என்றார். போடில் வீட்டுக்கு வந்து, சுருட்டுப் பெட்டியைக் குப்பையில் போட்டு, அதன்மேல் உருளைக்கிழங்குத் தோலைக் கொட்டி, அதன்மேல் மீன் செதிலையும் கொட்டினாள். தன்னைப் பற்றி அவளுக்கு நன்றாகத் தெரியும்.

சுருட்டு போனதுகூட வலிக்கவில்லை. டியூபா ஒரு பல் மருத்துவர் மடிக்குப் போனதுதான் வலித்தது. ஊஃபே மனிதர் நல்லவர். குழுவைவிட்டு அனுப்ப மனமில்லாமல் அவள் கையில் ஒரு முக்கோணக் கம்பியைக் கொடுத்தார். பாட்டு முழுக்கக் காத்திருந்து ஒரே ஒரு ‘டிங்’ தட்ட வேண்டும். போடில் அதை வாடகை பாக்கிக்காரன் வீட்டுக் கதவைத் தட்டுவதுபோல் தட்டினாள்.

அந்த வருத்தத்தில் இருக்கும்போதுதான் பெரிய ஊர் மருத்துவமனையில் ஒரு புது மருந்துச் சோதனைக்கு ஆள் எடுப்பதாகக் கேள்விப்பட்டாள். எப்பேயையும் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே சிசெல் என்ற மருத்துவர் இருந்தாள். சின்னப் பெண், பொறுமைசாலி.

“வைட்டமின் ஏ இருக்கில்லையா, அதிலிருந்து செஞ்ச ஒரு மருந்து” என்றாள் சிசெல். “நுரையீரல் கெட்டுப்போன எலிங்களுக்கு அதைக் கொடுத்தப்போ, புதுசா காத்தறைங்க வளர்ந்துச்சு. மனுஷங்களுக்கு வளருமான்னு யாருக்கும் தெரியாது. அதுக்குத்தான் இந்தச் சோதனை.”

“எலி சுருட்டுப் பிடிச்சுதா?”

“இல்ல. அதுங்க நுரையீரலை வேற விதமா கெடுத்தாங்க.”

“ஐயோ பாவம். அதுக்கு வளர்ந்தா எனக்கும் வளரும். நான் எலியைவிடப் பெரிய உருவம், கொஞ்சம் தாமதமாகும், அவ்வளவுதானே.”

சிசெல் சிரித்துவிட்டு, பாதிப் பேருக்கு நிஜ மாத்திரை, பாதிப் பேருக்குச் சும்மா மாவு மாத்திரை, யாருக்கு எது என்று தனக்கே தெரியாது என்றாள். மருந்து உள்ளே போனால் உதடு காயும், தோல் உரியும், தலை வலிக்கலாம் என்றாள். போடில் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

“இன்னொண்ணு. சோதனை முடியற வரைக்கும் ஈரல் சாப்பிடக் கூடாது. ஈரல் விழுது, மீன் எண்ணெய், எதுவுமே கூடாது.”

அதுவரை நாற்காலியின் நுனியில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த எப்பேக்கு ஈரக்குலையே நடுங்கியது.

“ஏங்க, பன்னி ஈரல் உங்களுக்கு என்னங்க பண்ணுச்சு?”

“அது ஒண்ணும் பண்ணலங்க. ஆனா ஈரல்னா வைட்டமின் ஏ சேர்த்து வைக்கிற களஞ்சியம். மருந்தும் அதே குடும்பம். ரெண்டும் சேர்ந்தா அளவு மீறி விஷமாயிடும்.”

எப்பே ‘களஞ்சியம்’ வரைக்கும் மிகக் கவனமாகக் கேட்டான். அதற்குப் பிறகு அவன் காது வேலை செய்யவில்லை. ‘அப்படின்னா இத்தனை வருஷமா நான் வித்தது மருந்து’ என்ற நினைப்பில் முதுகு நிமிர்ந்து உட்கார்ந்தான்.

சோதனைக்குச் சேர்ந்தவர்கள் அவ்வப்போது மருத்துவமனைக்கு வந்து குழாயில் ஊதிக் காட்ட வேண்டும், நீளமான நடைக்கூடத்தில் நடந்து காட்ட வேண்டும். கூடிக் காத்திருக்கும் அறையில் யாரும் யாருடைய கண்ணையும் பார்ப்பதில்லை. எல்லோரும் எல்லோருடைய உதட்டையும்தான் பார்த்தார்கள். அந்த உதட்டுப் போட்டியில் ராஜா, ஃபோல்மர் என்றொருவர். மீன் ஏலம் கூவியே மூச்சைத் தொலைத்தவர். அவர் உதடு பட்டுப்போன மரப்பட்டைபோல் உரிந்து தொங்கியது.

“பாத்தீங்களா?” என்று உதட்டைப் பிதுக்கிக் காட்டினார். “முதல் வாரமே ஆரம்பிச்சிடுச்சு. மேலுதடு ஒண்ணு, கீழுதடு ஒண்ணு, யாராவது கேக்கறீங்களா?”

“அந்த உதட்டுக்கு யாரும் விலை கேக்க மாட்டாங்க, ஏலக்காரரே” என்றாள் போடில்.

“பொறாமை. உங்க உதட்டைப் பாருங்க, பிறந்த குழந்தை மாதிரி இருக்கு. உங்களுக்கு மாவுதான், சந்தேகமே இல்ல. ஒரு ரொட்டி சுடற அளவுக்கு இந்நேரம் உள்ளே போயிருக்கும்.”

போடில் நேரே கழிப்பறைக்குப் போய்க் கண்ணாடியில் பார்த்தாள். வழுவழுவென்று இருந்தது உதடு. உலகத்தில் முதல்முறையாக அழகான உதட்டுக்காக ஒரு பெண் அழ நினைத்தாள்.

அன்றிலிருந்து வீட்டில் அதே பேச்சு. மூச்சுக்கு முந்நூறு தடவை ‘மாவு, மாவு’ என்று புலம்பினாள். உதடு காயட்டும் என்று காற்றில் நின்று பார்த்தாள். உதட்டில் உப்புத் தடவிப் பார்த்தாள். மாடிப்படி ஏறும்போது பாதியில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இரைப்பாள். கீழே சமையலறையில் எப்பே கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு, அந்த இரைப்பு நிற்கும்வரை அசையாமல் கேட்டுக்கொண்டிருப்பான்.

பிறகு ஒரு காலை, அவள் பல் துலக்கும்போது கீழுதட்டின் ஓரத்தில் ஒரு சின்னத் தோல் எழுந்து நின்றது.

“எப்பே! எப்பே! உரியுது!”

ஓடி வந்த எப்பே கண்ணாடி போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தான். “ஆமா, உரியுது” என்றான். அவன் முகத்தில் அவளைவிட அதிகச் சந்தோஷம்.

அதற்குப் பிறகு போடிலைப் பிடிக்க ஆளில்லை. தான் முன்பு வேலை பார்த்த பேருந்துப் பணிமனைக்குப் போய் எல்லா ஓட்டுநர்களிடமும் உதட்டைக் காட்டினாள். “வால் முளைச்சுதா?” என்று ஒருவன் கேட்டான். “முளைச்சா முதல்ல உன்னைத்தான் அடிப்பேன்” என்றாள். உள்ளங்கையும் உரிந்தது. அவளோடு கைகுலுக்கியவர்கள் பிறகு ஜாடையாகக் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார்கள். தலைவலியும் வந்தது. “புது நுரையீரல் வளருதில்ல, உடம்புக்குள்ள இடம் பத்தல” என்று அதற்கும் விளக்கம் வைத்திருந்தாள். கலங்கரை விளக்க மேட்டில் தினமும் ஏறி, மேலே நின்று, கீழே வருகிற போகிற பேருந்துகளுக்கெல்லாம் கையசைத்தாள். நிஜமாகவே மேடு முன்பைவிடக் குறைந்துவிட்டது போல் இருந்தது.

எப்பேயின் சாப்பாடும் திடீரென்று ருசி கூடிவிட்டது. வெள்ளை முட்டைக்கோசோடு அவன் பொரித்து வைக்கும் கறி உருண்டையை அவள் தட்டு தட்டாக உள்ளே தள்ளினாள். “வயசாக ஆக உன் கைப்பக்குவம் ஏறுது, மனுஷா” என்பாள். எப்பே காது சிவந்துபோய் இன்னும் இரண்டு வைப்பான்.

துறைமுகத் திருவிழா வந்தது. போடில் ஊஃபேயிடம் போய் முக்கோணக் கம்பியை மேசைமேல் வைத்தாள்.

“டியூபாவைக் கொடு.”

“போடில், டாக்டர் சரின்னு சொன்னாங்களா?”

“என் உதடு சொல்லுது.”

ஊஃபே தயங்கினார். பல் மருத்துவர் தயங்கவில்லை. அவருக்கு இடுப்பு வலி, எப்போது இறக்கிவைப்போம் என்று இருந்தார்.

மீன்பிடிப் படகுகளெல்லாம் கொடி கட்டி நிற்க, ஊரே கரையில் கூடியிருந்தது. முதல் பாட்டு சின்னப் பாட்டு, தப்பித்துவிட்டாள். இரண்டாவது மாலுமிகளின் அணிவகுப்புப் பாட்டு. அதன் முடிவில் டியூபா தனியாக ஒரு சுரத்தை இழுக்க வேண்டும். போடில் கண்ணை மூடி, புது நுரையீரல் முழுவதும் காற்றை நிரப்பிக்கொண்டு ஊதினாள். சுரம் கம்பீரமாகத்தான் கிளம்பியது. நடுவழியில் தள்ளாடியது. பிறகு கன்று ஈனும் பசுவின் முக்கல்போல் ஏதோ ஒன்றாக மாறி, இறங்கி, இன்னும் இறங்கி, ஒரு வெடிப்போடு நின்றது.

அந்த நேரம் பார்த்துத் துறைமுகத்துக்குள் நுழைந்துகொண்டிருந்த தீவுப் படகு, ஏதோ பெரிய கப்பல் எச்சரிக்கை கொடுக்கிறது என்று நினைத்துப் பதிலுக்குச் சங்கை நீளமாக ஊதிப் பின்வாங்கியது. படகு ஊதிய சுரம் வேறு, நீளம் மட்டும் சரி. கூட்டம் இதெல்லாம் ஏற்பாடு என்று எண்ணிக் கைதட்டித் தீர்த்தது. கண்ணுக்கு முன்னால் பூச்சி பறக்க, போடில் பின்னால் சாய்ந்து, கிடைத்த இடத்தில் உட்கார்ந்தாள். கிடைத்த இடம் பெரிய முரசு. தோல் கிழிந்து அவள் உள்ளே போக, காலும் டியூபாவும் மட்டும் வெளியே தெரிந்தன. “இன்னொரு முறை!” என்று யாரோ பின்னாலிருந்து கத்தினார்கள்.

அடுத்த வாரம் மருத்துவமனையில் சிசெல் அவர்கள் இருவரையும் உட்காரவைத்துக் கதவைச் சாத்தினாள். முகத்தில் சிரிப்பில்லை.

“போடில், உங்க ரத்தத்தில வைட்டமின் ஏ எக்கச்சக்கமா இருக்கு. நாங்க கொடுக்கிற மாத்திரையால இது இப்படி ஏறாது. ஈரல் சாப்பிட்டீங்களா?”

“சத்தியமா இல்ல! கண்ணால பாத்தே எத்தனையோ மாசமாச்சு. வேணும்னா இவனைக் கேளுங்க.”

சிசெல் எப்பேயைப் பார்த்தாள். போடிலும் பார்த்தாள். எப்பே தன் தொப்பியைப் பார்த்தான்.

“எப்பே?”

“கண்ணால பாக்கலதான்” என்றான் எப்பே, எலி கீச்சிடுவதுபோல.

“அப்படின்னா?”

“கறி உருண்டையில... பாதிக்குப் பாதி. அப்புறம் குழம்பில கொஞ்சம் கரைச்சு. அப்புறம் முட்டைக்கோசில... அதில ரொம்ப இல்ல.”

போடில் வாயைத் திறந்தாள். மூச்சு வரவில்லை, நோயால் அல்ல.

“நீங்கதானே களஞ்சியம்னு சொன்னீங்க!” என்று எப்பே சிசெல் பக்கம் திரும்பினான். “எலிக்கு அதாலதான் வளர்ந்துச்சுன்னு சொன்னீங்க. இவளுக்கு மாவைக் கொடுத்திருக்காங்கன்னு இவ தினமும் அழறா. படியில நின்னு இரைக்கிறா. நான் கீழ நின்னு கேட்டுக்கிட்டே சும்மா இருக்கணுமா? எனக்குத் தெரிஞ்சது ஈரல் ஒண்ணுதாங்க.”



“எப்பே, எலிக்குக் கொடுத்தது வேற, அளந்து கொடுத்த மருந்து. ஈரலால நுரையீரல் வளராது” என்றாள் சிசெல் மெதுவாக. “இப்படியே விட்டிருந்தா இவங்க ஈரல் கெட்டுப்போயிருக்கும், எலும்பு கெட்டுப்போயிருக்கும். நல்லவேளை, இப்ப நிறுத்தினா சரியாயிடும். ஆனா போடில் இனிமே சோதனையில இருக்க முடியாது.”

பாதுகாப்புக்காக, போடிலுக்குக் கொடுத்த மாத்திரை எது என்று பார்க்க வேண்டியிருந்தது. சிசெல் யாரிடமோ தொலைபேசியில் பேசிவிட்டு வந்தாள்.

“மாவு” என்றாள்.

“அப்ப என் உதடு உரிஞ்சது...”

“கறி உருண்டை.”

“ஆனா மேடு ஏறினேனே! அது பொய்யா?”

“அது பொய்யில்ல. நீங்க முதல்ல நடந்ததைவிட இப்ப தூரமா நடக்கறீங்க, அளந்து பாத்தோம். நுரையீரல் அப்படியேதான் இருக்கு. சுருட்டை விட்டீங்க, தினமும் மேடு ஏறினீங்க, காலு கெட்டியாயிடுச்சு. டியூபாவை மட்டும் தயவுசெஞ்சு இறக்கி வைங்க.”

திரும்பும் வழியில் போடில்தான் கார் ஓட்டினாள். எப்பே பக்கத்தில் தண்டனைக்குக் காத்திருப்பவன்போல் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தான். வயல்கள் போயின, காற்றாலைகள் போயின.

“முட்டைக்கோசில கூடவா?” என்றாள் கடைசியில்.

“கொஞ்சம்தான்.”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கச் சிரிக்க இரைத்தது. இரைக்க இரைக்க இன்னும் சிரித்தாள். கண்ணீர் மறைத்து ரோடு தெரியாமல் வண்டியை ஓரம் கட்ட வேண்டியதாயிற்று. எப்பே பயந்துபோய் அவள் முதுகைத் தடவினான். மூச்சு திரும்பியதும் அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். உரிந்த உள்ளங்கை சொரசொரவென்று இருந்தது. அவன் துடைத்துக்கொள்ளவில்லை.

சோதனை முடிந்தபோது சிசெல் எல்லோரையும் அழைத்துக் காப்பியும் கேக்கும் கொடுத்து, முடிவைச் சொன்னாள். எலியிடம் நடந்தது மனிதரிடம் நடக்கவில்லை. மருந்துக்காரர்களுக்கும் மாவுக்காரர்களுக்கும் நுரையீரலில் வித்தியாசமே தெரியவில்லை. ஃபோல்மர் சாப்பிட்டது நிஜ மருந்தேதான்.

“உதடு போனதுதான் மிச்சம்” என்றார் அவர். போடிலுக்கு முதல்முறையாக அந்த மனிதர்மேல் பரிதாபம் வந்தது. தன் தட்டிலிருந்த கேக்கைப் பாதி வெட்டி அவர் தட்டில் வைத்தாள்.

“அப்ப யாருக்குமே எதுவுமே கிடையாதா?” என்று ஒருவர் கேட்டார்.

கிடைத்தது பாட்டு. மருத்துவமனையில் மூச்சுப் பயிற்சி சொல்லித்தரும் ஒருத்தி, இரைப்புக்காரர்களையெல்லாம் சேர்த்து ஒரு பாட்டுக் குழு தொடங்கினாள். பாடினால் நுரையீரல் வளராது, இருக்கிற மூச்சைச் சிக்கனமாகச் செலவழிக்கப் பழகும், அவ்வளவுதான் என்று முதலிலேயே சொல்லிவிட்டாள். போடில் சேர்ந்தாள். ஃபோல்மரையும் இழுத்துக்கொண்டு போனாள். “நான் ஏலம் விட்டவன், பாடினவன் இல்ல” என்று அவர் முரண்டு பிடித்தார். “நானும் பஸ் ஓட்டினவதான், வா” என்றாள்.

வசந்தத்தில் ஊர் மன்றத்தில் முதல் கச்சேரி. ஊஃபே வந்திருந்தார், இடுப்பைப் பிடித்துக்கொண்டு பல் மருத்துவரும். எப்பே முன்வரிசையில் சட்டையைக் கழுத்துவரை பொத்தானிட்டு உட்கார்ந்திருந்தான். சூரியன் எழுவதைப் பற்றிய பழைய காலைப் பாட்டு. ஒரு வரிக்கு மூன்று இடத்தில் மூச்சு வாங்கினார்கள். ‘சூரி’ என்று பாதிப் பேர் பாடி நிறுத்த, மீதிப் பேர் ‘யன்’ என்று முடித்தார்கள். ஒரு கிழவி சொல்லின் நடுவில் உட்கார்ந்து, அடுத்த சொல்லுக்கு எழுந்தாள். கூட்டம் பொறுமையாகக் காத்திருந்தது. அந்த ஊரில் சூரியன் எப்போதுமே தாமதமாகத்தான் வரும்.

கடைசிச் சுரத்தில் ஒவ்வொருவராக மூச்சுத் தீர்ந்து உதிர்ந்தார்கள். போடில் இன்னும் கொஞ்சம் பிடித்தாள், சின்னதாக, அளவாக, நடுங்காமல். அவளும் முடித்தாள். மன்றம் கைதட்ட ஆரம்பித்தது. அப்போதுதான் எல்லோரும் கவனித்தார்கள். ஃபோல்மர் கண்ணை மூடிக்கொண்டு, இதற்கு முந்தைய வரியில், தன் பாட்டுக்குத் தனியாகப் போய்க்கொண்டிருந்தார்.

“விடுங்க” என்றாள் போடில் கூட்டத்தைப் பார்த்து, உதட்டில் விரலை வைத்து. “வந்து சேர்ந்துடுவான்.”